இன்சியோன் 1950: கடலின் ஏற்றவற்றம் வகுத்துக் கொடுத்த போர்த்திட்டம்

1950 செப்டம்பர் 15 அன்று, கொரியாவின் மேற்குக் கரையிலுள்ள இன்சியோன் துறைமுகத்தில் கடல் காலை 6.59 மணிக்கு ஒருமுறையும் மாலை 7.19 மணிக்கு மறுமுறையும் உச்சத்துக்கு ஏறும் என்று அட்டவணைகள் காட்டின. அமாவாசை கழிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஏற்றம் வலுவாக இருக்கும், நீர்மட்டம் 31 அடியைத் தொடும். இடைப்பட்ட நேரத்தில் அவ்வளவு நீரும் வடிந்து, துறைமுகத்தின் முன்பகுதி கிலோமீட்டர் கணக்கில் வெறும் சேற்றுவெளியாகிவிடும். அந்தச் சேறு வண்டியைத் தாங்காது என்பது மட்டுமல்ல, நடந்து செல்லும் மனிதனையே தாங்காது. கொரியப் போரின் போக்கைத் திருப்பிய கடல்வழித் தரையிறக்கத்தின் திட்டம் ஏறத்தாழ முழுவதும் இந்த இரண்டு நேரங்களிலிருந்து பிறந்தது. அந்த வெற்றியை ஐ.நா. படைகளின் தலைமைத் தளபதி ஜெனரல் டக்ளஸ் மெக்கார்தரின் துணிச்சலுக்குக் கணக்கெழுதுவது நெடுநாள் வழக்கம். துணிச்சல் இருந்தது உண்மை. ஆனால் ஒரு சிக்கலுக்குக் கண்ட விடை அடுத்த சிக்கலை உண்டாக்க, அதற்கும் விடை தேடி, இப்படியே மூன்று வாரங்களுக்குள் ஒரு திட்டத்தைக் கட்டி முடித்த கடற்படை, மரைன் படை (கடலிலிருந்து கரையேறித் தாக்கும் அமெரிக்கப் படை) அதிகாரிகளின் உழைப்பைப் பார்க்காமல் இன்சியோனைப் புரிந்துகொள்ள முடியாது.

ஜூன் 25 அன்று வடகொரியப் படை தென்கொரியாவுடனான எல்லையாக இருந்த 38-ஆம் அகலக்கோட்டைக் கடந்தது. மூன்று நாளில் சியோல் வீழ்ந்தது. அவசரமாக அனுப்பப்பட்ட அமெரிக்கப் படைகளும் பின்வாங்க, ஆகஸ்ட் தொடக்கத்தில் தீபகற்பத்தின் தென்கிழக்கு மூலையில், நாக்டோங் ஆற்றை அரணாகக் கொண்டு பூசான் துறைமுகத்தைச் சுற்றியிருந்த நிலப்பகுதி மட்டுமே எஞ்சியது. அங்கே ஜெனரல் வால்டன் வாக்கரின் எட்டாவது ராணுவம் மூச்சுத் திணற நின்றது. ஆனால் நிலப்படத்தைச் சற்று விலகி நின்று பார்த்தால் வேறொன்றும் தெரியும். வடகொரியா தன் படையின் பெரும்பகுதியை நாக்டோங் கரையில் குவித்துவிட்டது. அந்தப் படைக்கு வேண்டிய குண்டும் எரிபொருளும் உணவும் வரும் ரயில் பாதைகளிலும் சாலைகளிலும் முக்கியமானவை சியோல் வழியாகவே வந்தன. சியோலிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இன்சியோன். இரண்டுக்கும் இடையே கிம்போ விமானத்தளம். அந்த முடிச்சை அவிழ்த்தால் தெற்கே இருக்கும் படை தானாகவே பட்டினி கிடக்கும் என்பது மெக்கார்தரின் கணக்கு. ஜூலையிலேயே அவர் இதைச் செய்ய நினைத்தார். ஆனால் அதற்கென ஒதுக்கிய படையையே முன்னணிக்கு அனுப்ப நேர்ந்ததால் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதன் மறுபிறவிதான் 'குரோமைட்' என்று குறிப்பெயர் சூட்டப்பட்ட இன்சியோன் திட்டம்.

இலக்கு எவ்வளவு பொருத்தமானதோ, இடம் அவ்வளவு பொருந்தாதது. தரையிறக்கத்துக்கு உகந்த கரை எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பசிபிக் போரின் அனுபவம் அமெரிக்கக் கடற்படைக்குக் கற்றுக்கொடுத்திருந்தது: அகன்ற மணற்கரை, மிதமான ஓதம் (கடலின் ஏற்றவற்றம்), கப்பல்கள் விலகி ஓட இடமுள்ள கடல், அணுகும் வழியில் பகைவரின் பீரங்கி இல்லாமை. இன்சியோனில் இவற்றில் ஒன்றும் இல்லை. மஞ்சள் கடல் ஆழம் குறைந்தது. திறந்த கடலில் சில அடிகளே உயரும் ஓதம், ஆழமற்ற குடாக்களுக்குள் நெருக்கப்படும்போது ஏறிக்கொண்டே போய், உலகின் மிகப் பெரிய ஏற்றவற்றங்களுள் ஒன்றாக அங்கே வெளிப்படுகிறது. துறைமுகத்துக்கு வரும் 'பறக்கும் மீன் கால்வாய்' குறுகலானது, வளைவுகள் நிறைந்தது, நீரோட்டம் கடுமையானது. அதில் ஒரு கப்பல் அடிபட்டு நின்றால் பின்னால் வருபவை திரும்பவும் வழியில்லை. கரை என்று சொல்லத் தக்கதும் அங்கே இல்லை. இருந்தவை கருங்கல் கடற்சுவர்கள். அவற்றுக்குப் பின்னால் மணல்மேடு அல்ல, கிடங்குகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த நகரம். முகப்பில் வொல்மிடோ என்ற தீவு நின்று துறைமுகம் முழுவதையும் காவல் காத்தது.

சிறு தரையிறங்கு படகுகளுக்கு 23 அடி நீர் வேண்டும். டாங்கிகளையும் சரக்கையும் நேரே கரையில் இறக்கும் எல்எஸ்டி கப்பல்களுக்கு 29 அடி. அந்த உயரம் மாதத்தில் சில நாட்களுக்குத்தான் கிடைக்கும். செப்டம்பர் 15 தவறினால் அடுத்து அக்டோபர் 11-ஐ ஒட்டிய நாட்கள்தான். அதற்குள் குளிர்காலம் நெருங்கிவிடும், பூசான் தாக்குப்பிடிக்குமா என்பதும் ஐயம். எனவே நாளைத் தேர்ந்தெடுத்தவர் எந்தத் தளபதியும் அல்லர்.

ஆகஸ்ட் 23 அன்று டோக்கியோவில் நடந்த கூட்டத்தில் இந்தக் குறைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டன. வாஷிங்டனிலிருந்து ராணுவத் தலைமைத் தளபதி லாட்டன் காலின்ஸும் கடற்படைத் தலைவர் ஃபாரஸ்ட் ஷெர்மனும் வந்திருந்தார்கள். தரையிறக்கத்தை நடத்தப்போகும் ரியர் அட்மிரல் ஜேம்ஸ் டாய்லின் அதிகாரிகள் ஓதம், வானிலை, கண்ணிவெடி, கடற்சுவர் என்று ஒவ்வொரு துறையாக விளக்கி முடித்ததும், டாய்ல் தம் முடிவைச் சொன்னார்: இன்சியோன் முடியவே முடியாத காரியம் அல்ல, அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்லத் தம்மால் இயலாது. காலின்ஸ் தெற்கே உள்ள குன்சானைப் பரிந்துரைத்தார். அங்கே இறங்குவது எளிது, பூசானும் பக்கம். மெக்கார்தரின் மறுப்பும் அதே காரணத்தில்தான் நின்றது: பக்கத்தில் இறங்கினால் பகைவரின் வழங்கல் பாதை அறுபடாது, போர்முனை சற்று நீளும், அவ்வளவே. 1759-இல் ஜெனரல் உல்ஃப் கியூபெக்கின் செங்குத்தான கரையேறி வென்றதை எடுத்துக்காட்டி, நீங்கள் இதுவரை அடுக்கிய தடைகளே பகைவனும் இங்கே நம்மை எதிர்பார்க்கமாட்டான் என்பதற்குச் சான்று என்று அவர் வாதிட்டார். சாமர்த்தியமான வாதம். ஆனால் தடைகள் பெரியவை என்பதால் பகைவன் காவலைக் குறைப்பான் என்பது நம்பிக்கையே தவிர உளவுத்தகவல் அன்று. பகைவன் விழித்துக்கொண்டால் அதே தடைகள் இரட்டிப்பாகத் திருப்பித் தாக்கும். கூட்டத்தில் இருந்த எல்லோரும் அவர் பேச்சில் மயங்கினார்கள் என்றும் சொல்ல முடியாது. வாஷிங்டனின் இசைவு ஆகஸ்ட் 28 அன்று தயக்கத்தோடு வந்தது. இறுதி ஒப்புதல் செப்டம்பர் 8-ஆம் நாள்தான் வந்தது. அப்போது படையினரும் சரக்கும் கப்பலேறத் தொடங்கியிருந்தார்கள்.

வொல்மிடோ பகைவர் கையில் இருக்கும்வரை நகரின் கடற்சுவர்களை நெருங்கும் எந்தப் படகையும் பக்கவாட்டிலிருந்து சுட முடியும். ஆகவே தீவை முதலில் பிடித்தாக வேண்டும். இரண்டையும் ஒரே ஏற்றத்தில் செய்ய வழியில்லை. இருட்டில் அந்தக் கால்வாயில் பெருங்கப்பல்களை ஏற்றிவர முடியாது என்பதால் காலை ஏற்றத்துக்குள் சிறிய படைதான் உள்ளே வர முடியும். எனவே ஒரு பட்டாலியன் (ரெஜிமென்டின் ஒரு பிரிவு) காலையில் தீவில் இறங்கும், பெரும்படை மாலையில் நகரில் இறங்கும் என்று முடிவாயிற்று. இந்த முடிவுக்குக் கொடுத்த விலை பெரிது. திடீர்த் தாக்குதல் என்பதன் பயன் காலையிலேயே தீர்ந்துவிடும். அதன்பின் நீர் வடிந்து, தீவில் இறங்கியவர்கள் ஏறத்தாழ பத்து மணி நேரம் சேற்றின் நடுவே தனித்து நிற்பார்கள், அவர்களுக்கு உதவ எந்தப் படகாலும் வர முடியாது. அந்த இடைவெளியை நிரப்ப விமானங்கள் பகல் முழுவதும் இன்சியோனுக்கு வரும் சாலைகளைக் கண்காணித்து, நகரத்துக்குள் எந்தப் படையும் வராமல் தடுக்க வேண்டும்.

மாலைத் தாக்குதலிலும் இதேபோன்ற முடிச்சு. உச்ச ஏற்றம் 7.19 மணிக்கு, கதிரவன் மறைவதோ அதற்கு அரைமணி முன்பாக. வெளிச்சம் வேண்டுமென்றால் முன்கூட்டியே, மாலை 5.30-க்கே இறங்க வேண்டும். அப்போது நீர் இன்னும் முழுதாக ஏறியிராது. படகின் முகப்புக்கு மேலே கடற்சுவர் சில அடி உயர்ந்து நிற்கும். எனவே படகுகளில் ஏணிகள் வேண்டும். அலுமினியத்திலும் மரத்திலும் ஏணிகள் செய்தார்கள். ராக்கெட்டும் நேபாம் தீக்குண்டும் வந்துவிட்ட காலத்தில், இடைக்காலக் கோட்டை முற்றுகைபோல ஏணி சாய்த்து மதில் ஏறுவதுதான் திட்டம்.

ஏறியபின் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வெளிச்சம். அதற்குள் முன்பின் தெரியாத நகரத்தின் ஓரத்தைப் பிடித்து, இரவு எதிர்த்தாக்குதலைத் தாங்க ஆயத்தமாக வேண்டும். குண்டு, குடிநீர், எரிபொருள் எல்லாம் அந்த ஒரே ஏற்றத்தில் வந்து சேராவிட்டால் மறுநாள் காலைவரை ஒன்றும் வராது. இதற்கு அவர்கள் கண்ட விடைதான் திட்டத்திலேயே மிகத் துணிந்த பகுதி என்று நான் கருதுகிறேன். எட்டு எல்எஸ்டி கப்பல்களைச் சரக்கோடு நேரே கடற்சுவருக்கு ஓட்டிச் செருகி, நீர் வடிந்ததும் அவை சேற்றில் அசையமுடியாமல் இரவு முழுவதும் கிடக்க விடுவது. வெடிமருந்தும் எரிபொருளும் நிரம்பிய, கவசமற்ற கப்பல்கள் அவை. நகரிலிருந்து ஒரு பீரங்கி குறிபார்த்தாலும் தப்ப இயலாது. அவையும் புதிய கப்பல்கள் அல்ல. இரண்டாம் உலகப் போரில் ஓடித் தேய்ந்து, பின்னர் ஜப்பானியக் கடற்கரைப் போக்குவரத்தில் உழைத்துக்கொண்டிருந்த பழைய கலங்கள் பல இந்தப் படையெடுப்புக்காகத் திரட்டப்பட்டன. அவற்றில் பலவற்றை ஓட்டியவர்கள் ஜப்பானிய மாலுமிகள். ஐந்தாண்டுகளுக்கு முன் எதிரெதிரே நின்றவர்கள்.

படையைத் திரட்டியதும் இதைவிட எளிதாக இல்லை. போர் தொடங்கியபோது முதலாவது மரைன் டிவிஷன் பெயரளவுக்கே முழு டிவிஷன்; முன்னாள் படையினரை மீண்டும் அழைத்தும், வேறிடங்களில் இருந்த பிரிவுகளைச் சேர்த்தும் அதை நிரப்பினார்கள். அதன் ஐந்தாவது ரெஜிமென்ட் ஏற்கெனவே பூசானில் போரிட்டுக்கொண்டிருந்தது. டிவிஷன் தளபதி ஆலிவர் ஸ்மித் அந்த ரெஜிமென்ட் இல்லாமல் இறங்க முடியாது என்றார். செப்டம்பர் முதல் நாள் நாக்டோங்கைக் கடந்து வடகொரியா பெருந்தாக்குதல் தொடுத்திருந்த நேரத்தில் அவர்களை விட்டுத்தர முடியாது என்று வாக்கர் நின்றார். இருவர் சொல்வதும் நியாயமே. ஏழாவது காலாட்படை டிவிஷனின் ஒரு ரெஜிமென்டைப் பூசான் துறைமுகத்தில் கப்பலிலேயே வைத்திருந்து, முன்னணி உடைந்தால் வாக்கர் அதைப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாட்டோடு பிணக்கு தீர்ந்தது. செப்டம்பர் 5 அன்றும் சண்டையிட்டுக்கொண்டிருந்த மரைன்கள் அன்றிரவே முனையிலிருந்து விலக்கப்பட்டு, பூசானில் கப்பலேறி, பத்து நாளில் இன்னொரு கரையில் இறங்கினார்கள். ஏணி ஏறும் பயிற்சிக்கோ ஒத்திகைக்கோ அவர்களுக்கு நேரமே இருக்கவில்லை. அந்த ஏழாவது டிவிஷனிலும் ஆள் போதாமல் ஆயிரக்கணக்கான கொரியர்களைச் சேர்த்து, அவசரப் பயிற்சி கொடுத்து நிறுத்தியிருந்தார்கள்.

காகிதத்தில் இருந்த ஓத அட்டவணைகளை நேரில் சரிபார்க்கவும் ஓர் ஆள் போனார். கடற்படை லெப்டினன்ட் யூஜின் கிளார்க், இரண்டு கொரிய அதிகாரிகளோடு செப்டம்பர் 1 அன்று இன்சியோனுக்குத் தெற்கே உள்ள யோங்ஹுங்டோ தீவில் இறங்கி, உள்ளூர் இளைஞர்களைக் கொண்டு தகவல் திரட்டினார். ஜப்பானிய ஓத அட்டவணைதான் அமெரிக்க அட்டவணையைவிடச் சரியானது என்று தெரிவித்ததும், சேற்றின் தன்மையை அறிவித்ததும் அவர் குழுவே. கால்வாயின் வாயிலில் பல்மிடோ தீவில் இருந்த கலங்கரை விளக்கம் பழுதில்லாமல் இருப்பதைக் கண்டு, 15-ஆம் நாள் அதிகாலைக்கு முன் அதை ஏற்றிவைத்தார். அந்த ஒளியைப் பார்த்துத்தான் முன்னணிக் கப்பல்கள் உள்ளே நுழைந்தன. இந்தக் கதை வீரக்கதையாகப் பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. கிளார்க் வெளியேறியபின் வடகொரியப் படையினர் அந்தத் தீவுக்கு வந்து, அவருக்கு உதவிய ஊர்மக்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள் என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை.

ரகசியம் காக்கப்பட்டதா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். ஜப்பானியத் துறைமுகங்களில் இத்தனை கப்பல்கள் கூடுவதை யாரிடமிருந்தும் மறைக்க இயலாது. இது 'ஊரறிந்த ரகசியம்' என்று டோக்கியோவிலிருந்த செய்தியாளர்கள் கேலி பேசினார்கள். சீனாவில் பிரதமர் சோ என்லாயின் ராணுவச் செயலாளர் லெய் யிங்ஃபூ, மெக்கார்தரின் பழைய தரையிறக்கங்களையும் ஜப்பானில் நடக்கும் பயிற்சிகளையும் வைத்து, இன்சியோனே இலக்காக இருக்கக்கூடும் என்று ஆகஸ்டிலேயே கணித்தார். மாவோ அந்த எச்சரிக்கையை வடகொரியாவுக்குத் தெரியப்படுத்தினார். வடகொரியத் தலைவர் கிம் இல் சுங், பூசானை முடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானே தீரும் என்று நம்பியதால் படையை அங்கிருந்து பிரிக்க மனம் கொள்ளவில்லை. அமெரிக்கர்களும் தம் பங்குக்குக் குன்சானைக் குண்டுவீசித் தாக்கி, அங்கே சிறு ஊடுருவல் ஒன்றை நடத்தி, கிழக்குக் கரையில் 'மிசூரி' போர்க்கப்பலைக் கொண்டு சம்சோக்கில் சுட்டு, கவனத்தைச் சிதறடிக்க முயன்றார்கள். இவற்றால் எவ்வளவு பயன் விளைந்தது என்பதைவிட, மறுபக்கத்தின் பிடிவாதமே அதிகப் பயன் தந்தது.

வானிலையை யாராலும் ஏமாற்ற முடியவில்லை. செப்டம்பர் 3 அன்று 'ஜேன்' சூறாவளி கோபே துறைமுகத்தைத் தாக்கி, சரக்கேற்றிக்கொண்டிருந்த கப்பல்களின் கட்டுகளை அறுத்தது. அடுத்து 'கெஸியா' வந்துகொண்டிருந்தது. அதன் பாதையிலிருந்து விலகுவதற்காகக் கப்பல்கள் குறித்த நாளுக்கு முன்பே புறப்பட்டு, அதன் ஓரத்தில் அலைக்கழிக்கப்பட்டு வந்து சேர்ந்தன. சில நாள் தாமதமாகியிருந்தால் ஏற்றம் போயிருக்கும்.

வொல்மிடோவில் செப்டம்பர் 10 அன்றே நேபாம் வீசப்பட்டது. பகைவர் ஒளிந்திருக்கக்கூடிய மரங்களையும் கட்டடங்களையும் எரித்துவிடுவது நோக்கம். அங்கே குடியிருந்த மீனவக் குடும்பங்களும் அதில் எரிந்தன. சுமார் 100 பொதுமக்கள் இறந்ததாகத் தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2008-இல் முடிவு சொன்னது. செப்டம்பர் 13 அன்று ஆறு நாசகாரிக் கப்பல்கள் கால்வாய்க்குள் நுழைந்து, தீவுக்கு மிக அருகே நங்கூரமிட்டு நின்றன. பகைவரின் பீரங்கிகள் தம்மைச் சுடும்படி விட்டு, அவை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதே அவற்றின் வேலை. 'கொலெட்' பலமுறை அடிபட்டது. 'ஸ்வென்சன்' கப்பலில் இளம் அதிகாரி ஒருவர் இறந்தார். ஆனால் பீரங்கிகள் தம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டன. அன்று நீர் வற்றியிருந்த வேளையில் போனதால் கடற்கண்ணிகள் நீர்ப்பரப்பில் வெளிப்பட்டுத் தெரிந்தன. அவற்றில் சிலவற்றைச் சுட்டே வெடிக்கவைத்தார்கள். அத்தனை தொல்லை கொடுத்த ஓதம் ஒருமுறையேனும் உதவியது.

15-ஆம் நாள் காலை 6.33 மணிக்கு ஐந்தாவது மரைன் ரெஜிமென்டின் மூன்றாவது பட்டாலியன் வொல்மிடோவில் இறங்கியது. எட்டு மணியளவில் தீவு அவர்கள் கையில். மரைன்களில் காயமுற்றோர் 17 பேர், இறந்தவர் எவருமில்லை. சரணடைய மறுத்துக் குகைகளில் இருந்தவர்களைப் புல்டோசர் பூட்டிய டாங்கிகள் உள்ளேயே வைத்து மூடின. பிறகு நீர் வடிந்தது. திட்டமிட்டவர்கள் அஞ்சிய அந்த நீண்ட பகலில் எதிர்த்தாக்குதல் வரவில்லை. இன்சியோனில் இருந்த காவற்படை சிறியது, போர் அனுபவம் குறைந்தது. வெளியிலிருந்து உதவி வரும் சாலைகளின்மேல் விமானங்கள் பறந்துகொண்டே இருந்தன.

மாலையில்தான் காரியம் குழம்பியது. மழைத்தூறலும் எரியும் நகரின் புகையும் சேர்ந்து தெற்குப் பகுதியை மறைத்துவிட, முதலாவது மரைன் ரெஜிமென்டின் சில படகுகள் தவறான இடத்தில் போய் இறங்கின. வடக்கே ஏணி சாய்த்துச் சுவர் ஏறியவர்களில் லெப்டினன்ட் பால்டோமெரோ லோபஸ் ஒருவர். அவர் ஏறும் காட்சி புகைப்படமாகப் பதிவாகி, பின்னாளில் இன்சியோன் என்றாலே நினைவுக்கு வரும் படமாயிற்று. அதன்பின் சிறிது நேரத்தில் அவர் காயமுற்று, எறிய முடியாமல் கைநழுவிய வெடிகுண்டைத் தம் ஆட்கள்மேல் வெடிக்காதபடி உடலால் மூடி இறந்தார். சுவரில் மோதவந்த எல்எஸ்டி கப்பல்களோ, கரையிலிருந்து தம்மைச் சுடுகிறார்கள் என்று கண்மூடித்தனமாகத் திருப்பிச் சுட, அவற்றின் குண்டுகள் முன்னே ஏறியிருந்த மரைன்கள் மேலேயே விழுந்தன. ஒருவர் இறந்தார், இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ஆனாலும் எட்டுக் கப்பல்களும் கரையைத் தொட்டு, சேற்றில் அமர்ந்து, விடியும்வரை சரக்கிறக்கின. நாளின் முடிவில் இறந்தோர் 20 பேர் அளவில், காயமுற்றோர் 174. 1943 நவம்பரில் தராவா தீவில், ஓதம் எதிர்பார்த்த அளவு ஏறாமல் படகுகள் பவளப்பாறையில் தட்டி நிற்க, மரைன்கள் நெடுந்தொலைவு நீரில் நடந்தே குண்டுக்கு இரையானார்கள். அந்தச் சிறு தீவுக்காக மூன்று நாள் போரில் ஆயிரம் அமெரிக்கர்கள் மாண்டார்கள். இன்சியோனின் ஓத அட்டவணையை அவ்வளவு வெறியோடு ஆராய்ந்தவர்களின் மனத்தில் தராவா இருந்திருக்க வேண்டும்.

இரண்டு மூன்று நாளில் கிம்போ விழுந்தது. சியோல் அவ்வளவு எளிதாக விழவில்லை. போர் தொடங்கி மூன்று மாதம் நிறைவுறும் செப்டம்பர் 25-க்குள் தலைநகரை மீட்டதாக அறிவிக்க வேண்டும் என்று இன்சியோனில் இறங்கிய படைகள் அடங்கிய பத்தாவது படைத்தொகுதியின் தளபதி எட்வர்ட் ஆல்மண்ட் விரும்பினார், அறிவித்தும்விட்டார். அந்த அறிவிப்பு வெளியானபின்னும் தெருத்தெருவாகத் தடுப்பரண்களை உடைத்துக்கொண்டு சண்டை நடந்தது. தெற்கே வாக்கரின் படை முற்றுகையை உடைத்துக்கொண்டு வடக்கே விரைந்து, மாத இறுதிக்குள் இரு படைகளும் ஓசான் அருகே சந்தித்தன. நாக்டோங் கரையில் நின்ற வடகொரிய ராணுவம் கட்டுக்குலைந்தது.

இன்சியோன் கரையில் இறங்கியவர்கள் நகரில் ஒரு காட்சியைக் கண்டார்கள்: கடலில் இன்னும் இடப்படாத கண்ணிகள் அங்கே கிடந்தன. சில வாரங்கள் தாமதித்திருந்தால் அந்தக் குறுகிய கால்வாய் அடைக்கப்பட்டிருக்கும். அதன் பொருள் அக்டோபரில் தெளிவாயிற்று. அதே படையைக் கப்பலேற்றித் தீபகற்பத்தைச் சுற்றிக் கொண்டுபோய்க் கிழக்குக் கரையில் வொன்சானில் இறக்க மெக்கார்தர் உத்தரவிட்டார். அங்கே ஓதம் சிறியது, கரை நல்லது, இன்சியோனில் இருந்த எந்தத் தடையும் இல்லை. ஆனால் சாதாரணப் படகுகளைக் கொண்டு சுமார் 3,000 கண்ணிகள் அந்த விரிகுடாவில் இடப்பட்டிருந்தன. அக்டோபர் 12 அன்று 'பைரேட்', 'பிளெட்ஜ்' என்ற இரண்டு அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல்கள் மூழ்கின. சில நாளில் உதவிக்கு வந்த ஜப்பானியக் கலம் ஒன்றும் மூழ்கியது. கடற்படையே இல்லாத ஒரு நாட்டிடம், முதல் உலகப் போருக்கு முந்தைய ஆயுதங்களிடம் கடலை இழந்துவிட்டோம் என்று ரியர் அட்மிரல் ஆலன் ஸ்மித் நொந்துகொண்டார். கண்ணிகளை வாரி முடிக்கும்வரை ஏறத்தாழ ஒரு வாரம் மரைன்களை ஏற்றிய கப்பல்கள் கரைக்கு வெளியே வடக்கும் தெற்குமாக ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே இருந்தவர்கள் அதற்கு, நூலில் மேலும் கீழும் போய்வரும் விளையாட்டுப் பொருளின் பெயரால், 'யோ-யோ நடவடிக்கை' என்று பெயர் வைத்தார்கள். அக்டோபர் 26 அன்று அவர்கள் வொன்சானில் இறங்கியபோது, தரைவழியே வந்த தென்கொரியப் படை நகரைப் பிடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. படையினரை மகிழ்விக்க வந்த நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்கூட அவர்களுக்கு முன்பே அங்கே வந்து தம் நிகழ்ச்சியை நடத்தி முடித்திருந்தார்.